பதினேழாம் சித்திரத்துக்கு ஒரு பொருள்

வேலாயுதம் வரைந்த நாற்பத்திரண்டு சித்திரங்களிலும் ஒரு பொன்னாடைகூட இல்லை. கிள்ளான் பள்ளத்தாக்கு மரபுச் சித்திரப் பேரவைக்கு இது மிகுந்த கவலையைக் கொடுத்தது. பொன்னாடை மட்டுமா? மாலை இல்லை, மைக் இல்லை, நினைவுச் சின்னம் இல்லை, மேடை இல்லை. அறுபது வருஷத்துக்கு முந்தைய ரயில்வே குவாட்டர்ஸ் ஆட்கள் பல் விளக்குகிறார்கள், துணி காயப் போடுகிறார்கள், மரத்தடியில் உட்கார்ந்து சவரம் செய்துகொள்கிறார்கள். பார்க்கிறவர்கள், அந்தக் காலத்தில் நம் சமூகத்துக்குத் தலைமையே இருந்ததில்லை என்று நினைத்துவிட மாட்டார்களா?

ஆகவே பேரவை ஓர் உபகுழுவை அமைத்தது. அதன் பெயர் 'பொருள் சேர்ப்பு உபகுழு'. பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு மேலே, மூன்றாம் மாடியில் இருந்தது பேரவை அலுவலகம். வியாழன்தோறும் மத்தியானம் உபகுழு அங்கே கூடியது. பேரவைத் தலைவர் டத்தோ ராதாகிருஷ்ணனே இதற்கும் தலைவர்; டத்தோ என்பது அரசாங்கம் கொடுத்த பட்டம். செயலாளர் சபாபதி, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். மூன்றாவது ஆள் மகளிர் பிரிவுத் தலைவி புஷ்பவல்லி. தலைவர் முன்மொழிவார், சபாபதி எழுதிக்கொள்வார், புஷ்பவல்லி வழிமொழிவார். பேரவையில் எந்தக் குழுவானாலும் ஏழு வருஷமாக இந்த ஒழுங்கு கலைந்ததில்லை.

வேலாயுதம் ரயில்வே கேட்டில் வேலை பார்த்தவர். பழைய ரயில்வே காகிதங்களின் பின்பக்கத்தில் மைப்பேனாவால் வரைந்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் செத்துப்போனார். கிள்ளானில் திரைச்சீலை தைத்துக் கொடுக்கும் அவருடைய மகள் அமுதவள்ளி, வீடு மாறும்போது படங்களைக் கண்டெடுத்துக் கண்காட்சிக்கென்று பேரவையிடம் கொடுத்தார். அவர் கையெழுத்துப் போட்ட படிவத்தில், 'பேரவை தேவையான மேம்பாடுகளைச் செய்துகொள்ளலாம்' என்று ஒரு வரி இருந்தது. சட்டம் போட்டுக் கண்ணாடி மாட்டுவதைச் சொல்கிறார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

மேம்பாடு இக்னேஷியஸின் கைக்கு வந்தது.

இக்னேஷியஸ் பத்திரிகையில் இருபது வருஷம் படம் திருத்தியவன். பத்திரிகை மூடியபிறகு வீட்டிலேயே வேலை. வரைந்த படத்துக்குள் இல்லாத பொருளை நுழைப்பதில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று முதலில் பார்ப்பான். பிறகு கோடு. வேலாயுதத்தின் பேனாவுக்கு ஒரு கோணல் இருந்தது. இடப்பக்கம் போகும் கோடு மெலியும். நிற்கிற இடத்தில் மை ஒரு பொட்டு ஊறும். அந்தக் கோணலை இக்னேஷியஸ் மூன்று நாள் பழகினான். புதிதாக வரைகிற பொருளை வேண்டுமென்றே கொஞ்சம் மோசமாக வரைவான். காகிதத்தின் மடிப்பை அதன் மேலேயும் ஓட்டுவான். கடைசியில் அவனாலேயே எது தன்னுடையது என்று சொல்ல முடியாமல் போகும். அதில் அவனுக்கு ஒரு பெருமை இருந்தது.

மூன்றாம் சித்திரத்தில் சவரத் தொழிலாளிக்கு முன்னால் ஒரு மைக் வந்தது. எட்டாம் சித்திரத்தில் கொடிக்கயிற்றில் காய்ந்த வேட்டிகளுக்கு நடுவே பேரவையின் கொடிகள் காய்ந்தன. பிறகு டத்தோவுக்கு ஒரு யோசனை உதித்தது.

"எல்லாப் படத்திலயும் ஒரு நாற்காலி வெச்சிடுங்க. குஷன் போட்டது. யாரும் உக்காந்திருக்கக் கூடாது."

"ஏன் டத்தோ, காலியா?"

"தலைமைக்குக் காலம் கிடையாது, தம்பி. எந்தக் காலத்துக்கும் ஒரு தலைவர் வரலாம். வந்தா நிக்க வைப்பீங்களா?"

"வழிமொழிகிறேன்" என்றார் புஷ்பவல்லி.

கண்காட்சியின் முன்னோட்டத்துக்கு அழைத்திருந்த பெரியவர்களில் ஒருவர் மூன்றாம் சித்திரத்தின் முன் வெகுநேரம் நின்றார். அவர் அதே குவாட்டர்ஸில் வளர்ந்தவர். "இந்த மைக்க மறக்க முடியுமா? மழை வந்தா கீச்சு கீச்சுன்னு கத்தும்" என்றார். கண் கலங்கியிருந்தது. சபாபதி அதை வாய்மொழி வரலாறு என்று பதிவு செய்துகொண்டார். இக்னேஷியஸ் படியிறங்கி வரும்போது அந்த மைக் எங்கோ கத்துவதுபோல் இருந்தது. கீழே கடையில் யாரோ நாற்காலியை இழுத்திருக்கலாம்.

பதினேழாம் சித்திரம் வரைக்கும் வேலை சிக்கலில்லாமல் போயிற்று.

அதில் ஒரு பெண் குவாட்டர்ஸ் வாசலில் நிற்கிறாள். இரண்டு கைகளும் மார்புக்கு நேரே தூக்கி மடங்கியிருக்கின்றன. பார்வை மட்டும் வலப்பக்கம், காகிதத்துக்கு வெளியே எங்கோ. கையில் எதுவும் இல்லை. மூலையில் 1964 என்று எழுதியிருந்தது.

"முடிக்காம விட்டுட்டார்" என்றார் டத்தோ. "பாருங்க, எதையோ வாங்கக் கை நீட்டுறாங்க. குத்துவிளக்கு வைங்க."

இக்னேஷியஸ் குத்துவிளக்கு வைத்தான். வெளிச்சம் சரியாக இருந்தது. கோடு சரியாக இருந்தது. விரல்களை விளக்கின் தண்டுக்கு முன்னால் கொண்டுவந்து, நிழலையும் போட்டான். ஆனால் விளக்கு ஒட்டவில்லை. யாரோ போகிற போக்கில் அவளிடம் திணித்துவிட்டுப் போன மாதிரி இருந்தது. அவள் அதைப் பிடித்திருக்கவே இல்லை.

விளக்கை எடுத்துவிட்டு வெள்ளித்தட்டில் பொன்னாடை வைத்தான். பிறகு பேரவையின் வெள்ளிவிழா மலர். கடைசியில் மறுபடியும் விளக்கு. எதை வைத்தாலும் விரல் நுனிக்கும் பொருளுக்கும் நடுவில் ஒரு மயிரிழை இடைவெளி தெரிந்தது. பெரிதாக்கிப் பார்த்தால் இடைவெளி இல்லை. பழையபடி சிறிதாக்கினால் வந்துவிடும். நான்காம் நாள் காலையில் கணினியைத் திறக்கவே அவனுக்குத் தயக்கமாக இருந்தது. ஒருவர் வீட்டுக்குள் கேட்காமல் நுழையப்போகிற தயக்கம்.

அவன் மனைவி ஜோசஃபின் அரசாங்க மருத்துவமனையில் பிரசவ வார்டு நர்ஸ். காலை ஷிப்ட் முடிந்து மூன்று மணிக்கு வந்தவள், தேநீர்க் கோப்பையோடு அவன் பின்னால் நின்றாள்.

"ஏங்க, இந்தம்மா கையில எதுக்கு விளக்கு?"

"பேரவையில கேட்டாங்க. ஆனா உக்காரவே மாட்டேங்குது."

"எப்படி உக்காரும்? இது விளக்குப் புடிக்கிற கையா? இந்த இடது முழங்கைய பாருங்க. தலை அங்க இருக்கும். வலது கை அடியில தாங்கும்." கோப்பையை வைத்துவிட்டு சோபாவிலிருந்த குஷனைத் தூக்கிக் காட்டினாள். அச்சு அப்படியே இருந்தது. தோள் இறங்கியிருந்த சாய்மானம்கூட.

"அப்ப குழந்தை எங்க?"

குஷனைத் திரும்ப வைத்தாள். கை மட்டும் அப்படியே நின்றது.

"வார்டுல பாத்திருக்கேன். பிள்ள தவறிட்டா, நாங்க வாங்கிட்டுப் போயிருவோம். ஆனா கை சட்டுனு எறங்காது. கொஞ்ச நேரம் இப்படியேதான் நிக்கும். யாராவது மெதுவா புடிச்சு எறக்கி விடணும்."

இக்னேஷியஸ் விளக்கை அழித்தான்.

மறுநாள் கொம்யூட்டர் புறநகர் ரயிலேறிக் கிள்ளானுக்குப் போனான். அமுதவள்ளி தையல் இயந்திரத்திலிருந்து எழுந்து வந்து உட்காரச் சொன்னார். படத்தை எடுத்துக் காட்டியதும் கேட்காமலே சொல்லத் தொடங்கினார்.

"எங்கம்மாதான். நான் பொறக்கறதுக்கு ரெண்டு வருஷம் முன்ன ஓர் ஆம்பளப் பிள்ள. ஒம்பது நாள் இருந்துச்சு. அப்பாவுக்கு ரெண்டே மணி நேரந்தான் லீவு குடுத்தாங்களாம். கேட்டைப் பாத்துக்க ஆள் இல்லன்னு. லைன் வீடுகள்ல எல்லாரும் வேலைக்குப் போயிட்டாங்க. அப்பாவே துணிய சுத்தித் தூக்கிட்டுப் போயி, பொதச்சிட்டு, அப்படியே கேட்டுக்குப் போயிட்டாரு. சாயந்திரம் வந்து பாத்தா அம்மா இதே மாதிரி வாசல்ல நிக்குறாங்க."

"யாரும் வரலையாக்கா?"

"ஒருத்தரும் வரல. பேரு வைக்காத பிள்ளதானேன்னு அப்பறமும் யாரும் துக்கம் கேக்கல." படத்தை அவர் தொடவில்லை. "அதுல எதையும் வைக்க மாட்டீங்கல்ல, தம்பி?"

"வைக்க மாட்டேன்க்கா" என்றான் இக்னேஷியஸ். மனதார அப்படித்தான் சொன்னான்.

வியாழக்கிழமை உபகுழுவில் அவன் எழுந்து நின்று பேசினான். அவன் அங்கே நின்று பேசியது அதுதான் முதல் முறை. ஒன்பது நாள் குழந்தையையும் இரண்டு மணி நேர லீவையும் இறங்காத கையையும் சொன்னான். "அந்தக் கையில இருந்தத எடுத்துட்டாங்க. அதனாலதான் வெறுங்கை. அத அப்படியே விட்டுரணும், டத்தோ."

டத்தோ கண்ணாடியைக் கழற்றினார். ஒரு நிமிடம் மௌன அஞ்சலி செலுத்தலாம் என்றார். செலுத்தினார்கள். நாற்பதாவது வினாடியில் சபாபதியின் கைப்பேசி அடித்தது. மீதி இருபது வினாடியை டத்தோ தள்ளுபடி செய்தார்.

"ஆக, அந்தக் கையில இருக்க வேண்டியது குழந்தை" என்றார்.

"டத்தோ, நான் சொல்ல வந்தது..."

"நீங்க சொல்லித்தான் தெரிஞ்சுது. மிக்க நன்றி. சபாபதி, நான் எங்க பொறந்தேன்?"

"அதே குவாட்டர்ஸ்ல, டத்தோ."

"அதே குவாட்டர்ஸ்." டத்தோவின் குரல் தழுதழுத்தது. "குழந்தை தவறினது வருத்தமான விஷயந்தான். ஆனா வருத்தத்த சுவத்துல மாட்டி வைக்க முடியாது, தம்பி. மரபுன்னா மேல ஏறிப் போற மாதிரி இருக்கணும். ஒரு பிள்ள போச்சு. ஒரு பிள்ள தலைவனாச்சு. அந்தத் தாய் கையில நான் இருக்கேன். அவங்க எல்லார் வீட்டுப் பிள்ளையையும் தூக்கியிருப்பாங்க, இல்லையா? என்னையும் தூக்கியிருப்பாங்க. தூக்கலன்னு யாராவது சொல்ல முடியுமா?"

யாராலும் சொல்ல முடியவில்லை. சபாபதிக்கு மட்டும் ஒரு சங்கடம். "டத்தோ பொறந்தது அம்பத்தெட்டு. படத்துல அறுபத்துநாலு போட்டிருக்கு. ஆறு வயசுப் பிள்ள கையில அடங்காதே."

டத்தோ யோசித்தார். "தேதியும் ஒரு பொருள்தானே?"

"பொருள்தான்" என்றார் சபாபதி, எழுதிக்கொண்டே.

"வழிமொழிகிறேன்" என்றார் புஷ்பவல்லி.

"என்னால முடியாது, டத்தோ" என்றான் இக்னேஷியஸ்.

யாரும் கோபப்படவில்லை. சபாபதி தன் கைப்பேசியை நீட்டினார். "சிரமமா இருந்தா விட்டுருங்க, பாஸ். போன்லயே இப்ப எல்லாம் வருது லா. நீங்க பேசும்போதே சும்மா ஒண்ணு செஞ்சு பாத்தேன்."

திரையில் அதே பெண் நின்றாள். அவள் கையில் ஏதோ பால்மாவு விளம்பரத்திலிருந்து வந்ததுபோல் ஒரு கொழுகொழுக் குழந்தை. பல் முளைத்திருந்தது. சிரித்தது. அது சிரித்ததால் அந்தக் கருவி அவளையும் சிரிக்க வைத்திருந்தது. அறுபது வருஷமாகக் காகிதத்துக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தவள் இப்போது நேராக இக்னேஷியஸைப் பார்த்துச் சிரித்தாள்.

"நானே செய்றேன்" என்றான் அவன்.

அவன் படியிறங்கினான். வாக்குக் கொடுத்தது அவன். குழந்தை என்ற சொல்லைக் கொண்டுபோய் அந்த மேசைமேல் வைத்ததும் அவன்தான். தெருவில் நின்றே அமுதவள்ளிக்குப் போன் போட்டு ஒன்றுவிடாமல் சொன்னான். மறுமுனையில் வெகுநேரம் தையல் இயந்திரம் மட்டும் ஓடியது. பிறகு அதுவும் நின்றது.

"நீங்க வைக்கலன்னா அந்தச் சிரிக்கிற பிள்ளைய வச்சிருவாங்க?"

"ஆமாக்கா."

"அப்ப நீங்களே வைங்க. எங்கண்ணன வைங்க. மொகத்த மூடிருங்க. வெள்ளைத் துணி. காலடியில ஒரு முடிச்சு. அப்பா அப்படித்தான் கொண்டு போனதா அம்மா சொல்லுவாங்க. அசல் படம் எனக்குத் திரும்பி வந்துருமில்ல?"

"இன்னிக்கே கொண்டாந்து குடுத்துர்றேன்க்கா."

கொடுத்துவிட்டு வந்து, மறுநாள் காலை பத்து மணிக்கு வரைய உட்கார்ந்தான். ஜன்னலில் நல்ல வெயில். மோனோரயில் போய்க்கொண்டிருந்தது. ஆனாலும் அவனுக்கு முதுகு சில்லிட்டது. ஏனென்றால் வேலையே இருக்கவில்லை. துணியின் முதல் கோட்டைப் போட்டதும் அடுத்த கோடு எங்கே போகவேண்டும் என்று அவளுடைய விரல்களே காட்டின. வலது உள்ளங்கையின் மேல் துணி எவ்வளவு தொய்ய வேண்டுமோ அவ்வளவு இடம் அறுபது வருஷமாகக் காலியாக இருந்தது. இடது முழங்கை மடிப்பில், தலைக்கு வேண்டிய நிழலை வேலாயுதம் ஏற்கெனவே போட்டு வைத்திருந்தார். இத்தனை நாளும் அதைச் சேலை மடிப்பின் நிழல் என்று இக்னேஷியஸ் நினைத்திருந்தான். அரை மணி நேரத்தில் முடிந்தது. மயிரிழை இடைவெளி எங்கும் இல்லை. எழுந்து போய் முகம் கழுவிவிட்டு, தேதியை மாற்றினான். அது ஒன்றுதான் பொய்யாகத் தெரிந்தது.

உபகுழு படத்தைப் பரிசீலித்தது.

"தூங்குறேன்" என்றார் டத்தோ, திருப்தியாக. "மொகம் தெரியலையே?"

சபாபதி அதற்கும் தயாராக இருந்தார். "தெரியாம இருக்கறதுதான் பாதுகாப்பு, டத்தோ. தெரிஞ்சா சாயல் இல்லன்னு நாலு பேர் கெளப்புவாங்க."

கைப்பேசித் திரையளவு படத்தைக் கண்ணாடி போடாமல் பார்த்த புஷ்பவல்லி வழிமொழிந்தார். கண்காட்சியின் மையப் படமாக அதையே ஐந்தடி உயரத்துக்கு அச்சடித்து, டத்தோவே திறந்துவைப்பது என்று தீர்மானமாயிற்று.

திறப்பு விழா ஞாயிறு காலை. மண்டபத்தில் இருநூறு பேர். பிரியாணி, கோழிப் பிரட்டல், கேசரி எல்லாம் பின்பக்கம் மூடி வைத்திருந்தது. இக்னேஷியஸ், ஜோசஃபின், அமுதவள்ளி மூவரும் நடுவரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். டத்தோ பட்டுத் திரையை இழுத்தார். கை தட்டினார்கள். பேசத் தொடங்கினார்.

"என் அருமை மக்களே! இந்தத் தாயைப் பாருங்கள். இவள் யார்? இந்தச் சமுதாயம்! இவள் கையில் துணியில் சுற்றியிருப்பது யார்?" நிறுத்தினார். நெஞ்சில் கை வைத்தார். "நான்! அன்று இவள் கையில் எப்படிக் கிடந்தேனோ, இன்றும் அப்படித்தான் உங்கள் கையில் கிடக்கிறேன். இந்த ஏழு ஆண்டுகளில் நான் அசைந்தது உண்டா? வாய் திறந்து அழுதது உண்டா? உங்களுக்கு என்ன ஆனாலும் கண் விழித்துப் பார்த்தது உண்டா? எனக்கென்று எதையாவது கேட்டது உண்டா? சுமப்பது ஒன்றே உங்களுக்கு நான் தந்த பாக்கியம்!"

சபாபதி கை தட்டினார். அந்தச் சத்தம் தனியாக நாலைந்து தடவை கேட்டு நின்றது.

புஷ்பவல்லி மேடையில், படத்துக்கு மூன்றடி தள்ளி உட்கார்ந்திருந்தார். இப்போது கண்ணாடி போட்டிருந்தார். அவர் பார்வை துணியின் வழியாக மெதுவாக இறங்கி, காலடி முடிச்சில் நின்றது. கொண்டையிலிருந்த மல்லிகையைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டார். முந்தானையைத் தோளைச் சுற்றி இழுத்துக்கொண்டு எழுந்து நின்றார்.

முன்வரிசைப் பெண்கள் அவரைப் பார்த்தார்கள், படத்தைப் பார்த்தார்கள், எழுந்தார்கள். வரிசை வரிசையாக எழுந்தார்கள். தேசிய கீதம் போடப்போகிறார்கள் என்று நினைத்துச் சில ஆண்களும் எழுந்தார்கள். நின்றபிறகு அவர்களுக்கும் தெரிந்தது. ஒரு பிணம் கடந்து போகும்போது நிற்கிற மாதிரி மண்டபமே நின்றது.

"எழுந்து நின்று மரியாதை செய்யும் என் மக்களே!" என்றார் டத்தோ. அவர் கண்ணில் நீர் வந்துவிட்டது.

புஷ்பவல்லி மேடையை விட்டிறங்கிப் படத்தின் எதிரில் வந்து, கைகூப்பாமல் ஒரு நிமிடம் நின்றார். பிறகு யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே போனார். மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்து நின்றுவிட்டுப் போனார்கள். 'வரேன்' என்று யாரும் யாரிடமும் சொல்லவில்லை. சாவு வீட்டில் சொல்லக்கூடாது. சாப்பாட்டுப் பக்கம் ஒருவரும் திரும்பவில்லை; பொட்டலம் கட்டிக்கொள்ளக்கூட ஆளில்லை.

அமுதவள்ளி நடுவரிசையில் நின்றபடியே எண்ணிக்கொண்டிருந்தார். "இருநூறு பேர் இருக்கும் போல, தம்பி" என்றார். "எங்கண்ணனுக்கு." ஜோசஃபின் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த வாரக் கூட்டக் குறிப்பில் சபாபதி இப்படி எழுதினார்: 'தலைவரின் உரையால் உணர்ச்சிவசப்பட்ட மக்கள் உணவையும் மறந்து கலைந்தனர். மையப் படத்தைத் தலைவரின் அறையில் அவருடைய நாற்காலிக்குப் பின்னால் நிரந்தரமாக மாட்டத் தீர்மானிக்கப்பட்டது.' வழிமொழிந்தவர் என்ற இடம் காலியாக இருந்தது. புஷ்பவல்லி அதற்குப் பிறகு கூட்டத்துக்கு வரவில்லை.

மூன்று மாதம் கழித்து ஒரு மத்தியானம் இக்னேஷியஸுக்கு டத்தோவிடமிருந்து போன் வந்தது. சபாபதி மூலமாக இல்லாமல் அவரே கூப்பிட்டது அவனுக்கு வியப்பாக இருந்தது.

"தம்பி, சௌக்கியமா?" என்றார். மேடைக் குரல் இல்லை. "ஒண்ணுமில்ல. ரூமுக்கு வர்றவங்க யாரும் சத்தமா பேச மாட்டேங்குறாங்க. காரியத்த முடிச்சதும் எழுந்து போயிடுறாங்க. சொல்லிக்காம போறாங்க, தம்பி. நேத்து என் மகளும் வந்தா. அவளும் அப்படியே போயிட்டா."

இக்னேஷியஸ் போனை மறு காதுக்கு மாற்றினான்.

"படத்த எறக்கலாம்னு பாத்தேன். சபாபதி தீர்மானம் இருக்குங்குறார். அதான், ஒரு சின்ன மேம்பாடு. அந்தப் பிள்ள மொகத்துல இருக்கிற துணிய மட்டும் கொஞ்சம் வெலக்கி விட்டுருங்களேன். நான் இருக்கேன்னு தெரிஞ்சா போதும்."

"அத வெலக்க முடியாது, டத்தோ."

"ஏன்? கம்ப்யூட்டர்லதானே செஞ்சீங்க? எடுத்தா வரும்ல?"

"துணிய மட்டுந்தான் வரைஞ்சேன், டத்தோ" என்றான் இக்னேஷியஸ். "அதுக்கு அடியில யாரும் இல்ல."

டத்தோ போனை வைக்கவில்லை. மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.